வினையும் வலியும்

நைனார்பாளையத்திலும் அதைச் சுற்றியுள்ள சின்னசேலம் வட்டாரத்து ஊர்களிலும் ஒரு குழந்தைக்குப் புற்றுநோய் என்று தெரியவந்த மாத்திரத்தில், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, செலவுக்கு என்ன வழி, காப்பீட்டு அட்டை கைவசம் இருக்கிறதா என்ற லௌகிகக் கேள்விகள் எழுவதற்கு முன்பாகவே, திண்ணையிலும் குழாயடியிலும் வேறொரு கேள்வி எழுந்துவிடுகிறது. "யார் செய்த பாவமோ, இந்தப் பச்சை மண்ணைப் பிடித்து ஆட்டுகிறது!" என்பார்கள். கேட்பவர்கள் கொடியவர்கள் அல்லர். துக்கத்தைப் பங்கிட்டுக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். ஆனால் பெற்றவளின் காதில் அது அனுதாபமாக விழுவதில்லை, தீர்ப்பாகவே விழுகிறது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காமல் விட்ட வருஷம், மாமியாரிடம் எதிர்த்துப் பேசிய நாள், கருவுற்றிருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தது என்று அவள் தன் ஆயுளையே கிளறிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அந்த நேரத்தில் மடியில் கிடக்கும் குழந்தை "கால் வலிக்குதும்மா" என்று முனகுவது அவளுக்கே கேட்காமற் போகிறது.

இக்குழந்தைக்கு ஏன் இது வந்தது என்பது ஒரு கேள்வி. இக்குழந்தைக்கு இப்போது எங்கே வலிக்கிறது என்பது மற்றொரு கேள்வி. முதற்கேள்விக்கு விடை சொல்லத் தகுதியுடையவர் எவரும் நம்மிடையே இல்லை. இரண்டாவதற்கு விடை உண்டு, அவ்விடைக்கு மருந்தும் உண்டு. இவ்விரண்டில் எதனைக் கேட்பது தர்மம் என்பதும், அதனை எந்த நாளிலிருந்து கேட்கத் தொடங்குவது என்பதுமே இக்கட்டுரையின் விசாரம்.

கர்ம சித்தாந்தத்தை நான் மறுக்க வரவில்லை. சஞ்சிதம், பிராரத்துவம், ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பகுத்து, முன் சேர்ந்தது, இப்போது நுகர்வது, இனி ஈட்டுவது என்று நம் சைவப் பெரியோர்கள் விளக்கினார்கள். அவ்விளக்கத்தின் நோக்கம் மனிதன் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டுமென்பதே அன்றி, அடுத்த வீட்டுத் தொட்டிலை எட்டிப் பார்த்துக் குற்றப்பத்திரிகை வாசிக்க வேண்டுமென்பதன்று. குழந்தையின் வலி அதன் பிராரத்துவம் என்றே வைத்துக்கொள்வோம். அவ்வலியைத் தணிக்க ஒருவர் மருந்தோடு வந்து நிற்பதும் அதே பிராரத்துவத்தில் எழுதப்பட்டதில்லை என்று சொல்லுவதற்கு, சித்திரகுப்தனுடைய ஏட்டைப் புரட்டிப் பார்த்தவர் யார்? மேலும், குழந்தை படும் வேதனையைக் கண்டும் "அதன் விதி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன், அந்தக் கணத்திலேயே தன் கணக்கில் ஓர் ஆகாமியத்தை வரவு வைத்துக்கொள்கிறான் என்பதையும் அச்சித்தாந்தமே கூறுகிறது. அப்பகுதியை மட்டும் நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

இவ்விஷயத்தில் மணிமேகலைக் காப்பியம் நமக்கு வைத்துப் போயிருக்கும் திருஷ்டாந்தத்துக்கு இணையானது வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண் ஒரு முனிவருக்குரிய நாவற்கனியை மிதித்துச் சிதைத்துவிட்டாள்; அவர் சாபத்தால், எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோய் அவளைப் பற்றிக்கொண்டது. இங்கே காரணத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. பிழை அவளுடையது, சாபமிட்டவர் இன்னார், சாபத்தின் கால அளவு இத்தனை ஆண்டு என்று எல்லாம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருக்கிறது. அவள் வந்து கையேந்தியபோது மணிமேகலை அமுதசுரபியிலிருந்து அள்ளி இட்டாளே தவிர, "உன் வினை கழியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லவில்லை. வினைப்பயனில் அசைக்க முடியாத நம்பிக்கையுடைய பௌத்தக் காப்பியம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். காரணம் திட்டமாகத் தெரிந்த இடத்திலேயே இரக்கம் காத்திருக்கவில்லை என்றால், காரணம் தெரியாத இடத்தில் அது ஏன் காத்திருக்க வேண்டும்?

இனி வைத்திய சாஸ்திரத்தின் பக்கம் திரும்பினால், அங்கும் குறை உண்டு. சரக சம்ஹிதை நோய்களைத் தீர்க்கத்தக்கவை, அடக்கிவைக்கத்தக்கவை, தீராதவை என்று வகுத்து, தீராத நோயைத் தொட்டு வைத்தியம் செய்கிறவன் பொருளையும் புகழையும் இழப்பான் என்று எச்சரிக்கிறது. கிரேக்கருடைய பழைய மருத்துவ நூல்களிலும், நோய் முற்றாக வென்றுவிட்டவனைத் தொடாதே என்ற கருத்து காணப்படுகிறது. அதன் எச்சம் இன்றைக்கும் நம் பேச்சில் இருக்கிறது: "டாக்டர் கையை விரித்துவிட்டார்" என்கிறோம். ஒன்று நோயோடு போராடுவது, இல்லையேல் கையை விரிப்பது; இடையில் வேறு நிலை எதுவும் நம் கற்பனையில் இல்லை. வள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து என்ற மூன்றோடு, அருகில் இருந்து பணிவிடை செய்பவனையும் நான்காவதாகச் சேர்த்து, நான்கும் கூடியதே மருத்துவம் என்றார். அந்த நாலாமவனுக்கு ஆஸ்பத்திரியில் ஓர் இடம் கிடைக்க உலகம் வெகுகாலம் காத்திருக்க நேர்ந்தது.

லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் 1967-ல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தபோது, வலி என்பது உடலோடு நிற்பதன்று, மனத்தின் அச்சம், குடும்பத்தின் கடன், ஆன்மாவின் தவிப்பு எல்லாம் சேர்ந்த முழுவலி அது என்று கூறி, அந்த முழுமைக்கும் வைத்தியம் செய்ய முனைந்தார். இதைத்தான் நம் அரசாங்க ஏடுகளில் நோய் ஆதரவுச் சிகிச்சை என்று எழுதுகிறார்கள். கேரளத்தில் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய சங்கம் இதனை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது. ஆயினும் பொதுஜனங்களுடைய அபிப்பிராயத்தில் இது சாகப்போகிறவர்களுக்கான ஏற்பாடாகவே நின்றுவிட்டது. குழந்தைகள் விஷயத்தில் இந்த அபிப்பிராயம் பெரும் தீங்கு விளைவிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1998-ல் குழந்தைகளுக்கான ஆதரவுச் சிகிச்சைக்கு இலக்கணம் வகுத்தபோது, நோய் கண்டறியப்பட்ட அன்றே அது தொடங்க வேண்டும், நோயைக் குறிவைத்த வைத்தியம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது தொடர வேண்டும் என்று தெளிவாகக் கூறியது. கடைசியில் வருவதல்ல, முதல் நாளே உடன் வருவது.

இதில் ஏதோ முரண்பாடு இருப்பதுபோலச் சிலர் மயங்குகிறார்கள். பிழைக்க வைப்பதற்கல்லவா வந்திருக்கிறோம், இப்போதே ஏன் இதெல்லாம் என்கிறார்கள். சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு தோன்றிய புற்றுநோய் நிலையம், பின்னர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தம் ஆயுளையே ஈந்து வளர்த்த அந்த நிலையம், 1960-லேயே குழந்தைகளுக்கென்று தனிப்பிரிவைத் தொடங்கிற்று. இரத்தப் புற்றுநோய் என்றால் முடிவு நிச்சயம் என்றிருந்த காலம் அது. இன்றோ செல்வ நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுதோறும் உலகெங்கும் இந்நோய்க்கு ஆளாகும் ஏறத்தாழ 4 இலட்சம் குழந்தைகளில் 2030-க்குள் நூற்றுக்கு அறுபது பேரையாவது காப்பாற்ற வேண்டுமென்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. பிழைக்கப்போகிற குழந்தைதான் அதிகம். ஆனால் பிழைக்கப்போகிற குழந்தைக்கும் வலிக்கத்தானே செய்கிறது?

நோயை விடச் சிகிச்சை கடுமையாக இருக்கும் நாட்கள் உண்டு. இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடக்கும். முதுகுத்தண்டில் ஊசி போட வேண்டிய நாள் வருகிறதென்றால் முந்தின இரவே குழந்தை உறங்காது. கீமோ மருந்தில் ஒன்று வாயெல்லாம் புண்ணாக்கிவிடும்; மிளகு சேர்க்காத ரசத்தில் கரைத்த சோறும் நெருப்பாக எரியும். மற்றொன்று குடலைக் கட்டிவிடும். நான்கைந்து நாட்கள் மலம் இறங்காமல் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும். இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே மருந்து உண்டு: ஊசி குத்துமிடத்தை மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டு, வாந்தியைத் தடுக்கும் மாத்திரை உண்டு, மலம் இளக்கும் பாகு உண்டு. கேட்டால் கிடைக்கும். கேட்க வேண்டுமென்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. கேன்சருக்கு வைத்தியம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். நைனார்பாளையத்திலிருந்து புதுவை ஜிப்மருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல், அடையாறுக்கு அதனினும் இரட்டிப்பு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பாலுள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள் கள்ளக்குறிச்சிக்கு இறங்குவதற்கே ஒரு பொழுது கழிந்துவிடும். அவ்வளவு தொலைவு பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே வரும் குழந்தையைப் பார்த்து மனம் நொந்து, ஒரு தவணையை விட்டு, அடுத்ததையும் விட்டு, முடிவில் போகாமலே நின்றுவிடும் குடும்பங்களைச் சிகிச்சையைக் கைவிட்டவர்கள் என்று கணக்கில் எழுதுகிறார்கள். வலியைக் கவனித்திருந்தால் அவர்களில் சிலராவது நின்றிருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முதல் நாளிலிருந்தே ஆதரவு என்ற இந்தத் தத்துவம் நமக்கு அந்நியமானதும் அன்று. அம்மை கண்ட வீட்டை நினைத்துப் பாருங்கள். குழந்தையின் முகத்தில் முதல் முத்து தெரிந்ததும், "ஆத்தா வந்திருக்கிறாள்" என்ற ஒரே வார்த்தையில் வீட்டின் நடைமுறை முழுவதும் மாறிவிடுகிறது. வாசலில் வேப்பிலை ஏறுகிறது, அடுப்பில் தாளிப்பு நிற்கிறது, வெளியார் நுழைவதில்லை. குழந்தைக்கு வெள்ளைத் துணி விரித்து, அரிப்பெடுத்தால் நகத்தால் சொறிய விடாமல் வேப்பங்கொழுந்தால் வருடிக்கொண்டு, இளநீரும் கூழும் மாற்றி மாற்றிக் கொடுத்தபடி இரவும் பகலும் யாரேனும் ஒருவர் அருகிலேயே அமர்ந்திருக்கிறார். அதன் முன் யாரும் குரலை உயர்த்திப் பேசுவதில்லை. அது கேட்டதை இல்லையென்பதில்லை, ஏனென்றால் கேட்பவள் அம்மன். யார் செய்த பாவம் என்ற பேச்சு அந்த வீட்டில் எழுவதே கிடையாது! பெரியம்மைக்கு மருந்தே இல்லாத காலத்தில் நம் பாட்டிமார் கண்ட முறை இது. தீர்க்க முடியாது என்பதற்காக அவர்கள் கையை விரிக்கவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை தணிப்பதையே ஒரு வழிபாடாகச் செய்தார்கள். அதே வீட்டில் அதே குழந்தைக்குப் புற்றுநோய் என்றால் மட்டும், வந்தவள் தெய்வமாக இல்லாமல் தண்டனையாக மாறிவிடுவானேன்? (இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். கீமோ ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அம்மை கண்டால் வேப்பிலையோடு வீட்டில் இருத்திக்கொள்ளலாகாது. உயிருக்கே ஆபத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். முறையைப் போற்றுகிறேனே தவிர, மருந்துக்கு மாற்றாக அதைச் சொல்லவில்லை.)

வலி முற்றும்போது வேண்டியது மார்பின். இதன் பெயரைக் கேட்டாலே பெற்றோர் நடுங்குகிறார்கள்; அபினிச் சத்தைக் குழந்தைக்குக் கொடுப்பதா, பழக்கமாகிவிடாதா, மூச்சு நின்றுவிடாதா என்கிறார்கள். அச்சம் அவர்களுடையது மட்டுமன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க உரிமம் பெற்று அபினி விளைவிக்கிற நம் தேசத்தில், 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்கு அஞ்சி ஆஸ்பத்திரிகளே அம்மருந்தை வாங்கி வைக்கத் தயங்கின. விளைந்த இடத்தில் கிடைக்காமல், புற்றுநோயாளிகள் அலறிக்கொண்டே மாண்டார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழியைச் சிறிது அகலமாக்கினார்கள். குழந்தைகளின் வலிக்கு 2012-ல் உலக சுகாதார நிறுவனம் தந்து, 2019-ல் திரும்பப் பெற்றுக்கொண்ட வழிகாட்டுதல் இரண்டே படிகளை உடையதாக இருந்தது: சிறிய வலிக்குப் பாராசிட்டமால் போன்றவை, அதற்கு மேற்பட்ட வலிக்கு நேரே மார்பின். எடைக்கேற்ற அளவில், வலி வந்த பிறகு கொடுக்காமல் நேரம் தவறாமல் கொடுத்தால், குழந்தை மயங்கிக் கிடப்பதில்லை; எழுந்து உட்கார்ந்து விளையாடக் கேட்கும். ஆதரவுச் சிகிச்சை ஆயுளைக் குறைத்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு செய்தி: பாஸ்டன் நகரில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பெரியவர்களிடம் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், வழக்கமான வைத்தியத்தோடு தொடக்கத்திலேயே ஆதரவுச் சிகிச்சையும் பெற்றவர்கள் 11.6 மாதமும், பெறாதவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தார்கள்.

இனிச் சொல்லவேண்டியது கடினமானது. குழந்தையிடம் உண்மையைச் சொல்லலாமா?

கடோபநிஷத்தில் நசிகேதன் என்ற சிறுவன் வருகிறான். பால் வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானம் செய்யும் தகப்பனைப் பார்த்து, "என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறாய்?" என்று மும்முறை கேட்கிறான், கோபமுற்ற தகப்பன் "யமனுக்கு" என்றுவிடுகிறார். யமன் இல்லாத வேளையில் அவன் வீட்டு வாசலில் மூன்று இரவுகள் உண்ணாமல் காத்திருந்த அச்சிறுவனுக்கு மூன்று வரங்கள் கிடைக்கின்றன. மரணத்துக்கு அப்பால் என்ன என்று அவன் கேட்டது மூன்றாவது வரம். பாஷ்யகாரர்கள் அனைவரும் அதைப் பற்றியே எழுதிக் குவித்திருக்கிறார்கள். முதல் வரத்தைப் பற்றி அதிகம் பேசுவோரில்லை. என் தகப்பனாரின் மனம் கலக்கம் தீர்ந்து அமைதியடைய வேண்டும், நான் திரும்பிச் செல்லும்போது என்னை அவர் அன்போடு ஏற்க வேண்டும் என்பதே அது. சாவின் வாசலில் நிற்கும் குழந்தை முதலில் கேட்டது தன் தகப்பனுக்காக!

இது உபநிஷத்துக் கற்பனை என்று தள்ளுவதற்கில்லை. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளிடையே பழகி ஆராய்ந்த மைரா புளூபாண்ட் லாங்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1978-ல் எழுதிய நூலில், மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள அக்குழந்தைகளுக்கு யாரும் சொல்லாமலே தங்கள் நிலை தெரிந்திருந்தது என்றும், பக்கத்துப் படுக்கை காலியானதையும் மருந்து மாறியதையும் கொண்டே அவர்கள் எல்லாவற்றையும் அறிந்துகொண்டார்கள் என்றும், அறிந்ததைப் பெற்றோர் வருந்துவார்களே என்று மறைத்தார்கள் என்றும் காட்டினார். பெற்றோர் குழந்தைக்காக நடிக்க, குழந்தை பெற்றோருக்காக நடிக்க, இருவரும் தனித்தனியே தனிமையில் தவிக்கிறார்கள். ஸ்வீடன் தேசத்தில் புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரைக் கேட்டு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையோடு மரணத்தைப் பற்றிப் பேசியிருந்த 147 பேரில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாதவர்களில் நூற்றுக்கு 27 பேர் பேசாமற்போனதற்காக வருந்தினார்கள். இந்த எண்களை நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிட நான் துணியவில்லை. நாம் பேசும் முறை வேறு. அடுக்களையில் ஒருவர் சொல்ல முற்றத்தில் இருப்பவர் அறியும் முறை அது. ஆயினும் குழந்தை "நான் சாமிகிட்டே போயிடுவேனா?" என்று கேட்கும்போது, "சீ, வாயைக் கழுவு" என்று அடக்கிவிடுவதற்கும், "உனக்குப் பயமா இருக்கா, கண்ணு?" என்று திருப்பிக் கேட்பதற்கும் உள்ள தூரம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

நம்பிக்கையைக் குலைக்கலாகாது என்பார்கள். திருக்கடையூரில் மார்க்கண்டேயனுக்காக யமனையே உதைத்த இறைவனிடம் வேண்டிக்கொள்ளாதே என்று எந்தத் தாயிடமும் நான் சொல்லமாட்டேன். கீமோவில் முடி உதிர்ந்த பேத்தியைப் பற்றி, "குலசாமிக்கு முடி கொடுத்திருக்கிறோம்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போன ஒரு கிழவியை நான் அறிவேன். அது பொய்யென்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தச் சிறுமியைக் கேலி செய்ய வாயெடுத்த பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள் என்பதும் தெரியும். பிரார்த்தனையும் மார்பினும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. விலக்குவது வேறு: பிழைப்பதைத் தவிர வேறெதையும் வேண்டிக்கொள்ளத் தெரியாத நம் குறுகிய வேண்டுதல். இன்றிரவு வலியில்லாமல் உறங்க வேண்டும், ஆடிப்பெருக்கன்று தம்பியோடு சேர்ந்து சாப்பிட வேண்டும், ஆஸ்பத்திரியில் அல்லாமல் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்பனவும் வேண்டத்தக்கவையே. இவற்றை நிறைவேற்ற மனிதராலேயே பெரும்பாலும் முடியும். பாஸ்டனில் 103 பெற்றோரிடம் செய்து 2000-ல் வெளியான ஆய்வொன்று, இனிக் குணமாக வழியில்லை என்பது மருத்துவருக்கு மரணத்துக்குச் சராசரியாக 206 நாட்களுக்கு முன்பே தெரிந்திருக்க, பெற்றோர் அதை உணர்ந்தது 106 நாட்களுக்கு முன்புதான் என்று கண்டது. இடைப்பட்ட அந்த நூறு நாட்களில் குழந்தைக்கு எத்தனை ஊசி, எத்தனை பயணம்!

நம் பக்கத்தில் காரியங்கள் சிறிது நகர்ந்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டத்தில், ஆதரவுச் சிகிச்சைக்கென்று செவிலியர் வீடு தேடி வருவதும் அடங்கியிருக்கிறது. கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது. வீட்டுக்கு வரும் செவிலியர் பெரும்பாலும் பார்ப்பது பக்கவாதம் வந்த முதியவர்களையும் படுக்கைப்புண் கண்டவர்களையும்தான். குழந்தையின் வலியை அறிவது தனி வித்தை. பேசத் தெரியாத குழந்தையின் புருவச் சுளிப்பையும் காலை மடக்கிக்கொள்ளும் விதத்தையும் பார்த்து அளக்க வேண்டும். பேசத் தெரிந்த குழந்தையோ ஊசிக்குப் பயந்து வலிக்கவில்லை என்று சொல்லிவிடும். இந்த வித்தையைச் சிறுவங்கூரில் பயிலும் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் மலையடிவாரத்துக் குடும்பங்கள் புதுவைக்கும் சென்னைக்கும் போகும் தடவைகள் குறையலாம்.

குழந்தை போய்விட்ட வீட்டின் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. பெரியவர் இறந்தால் எட்டு, பதினாறு, மாசிகம், வருஷத் திதி என்று துக்கத்துக்கு ஒரு பஞ்சாங்கமே வைத்திருக்கிறோம். உறவினர் அந்தந்த நாளில் வந்து உட்கார்ந்து அழுது, உண்டு, போகிறார்கள். சிறு குழந்தைக்கு நம் சமூகங்களில் பலவற்றிலும் அவை கிடையாது. எரிப்பதில்லை, புதைக்கிறோம், திதி கொடுப்பதில்லை. ஏன் என்று கேட்டால், பாவம் அறியாத உடல், அதற்கு அக்கினியின் சுத்தி வேண்டியதில்லை என்று பெரியவர்கள் விடை சொல்கிறார்கள். திண்ணையில் யார் செய்த பாவமோ என்று கேட்ட அதே பெரியவர்கள்தாம். பாவமற்றது என்று ஒப்புக்கொண்ட அந்த உடல் மண்ணுக்குள் போன பிறகு, தாய்க்கு அழுவதற்கென்று குறித்த நாள் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் மாதத்திலேயே "அடுத்ததைப் பெற்றுக்கொள்" என்கிறார்கள். ஆதரவுச் சிகிச்சை முறையாக நடக்கும் இடங்களில், குழந்தை இறந்த பிறகும் செவிலியர் சில வாரங்கள் கழித்து ஒருமுறை, சில மாதங்கள் கழித்து மறுமுறை அவ்வீட்டுக்குப் போகிறார். மருந்துப் பை இல்லாமல் போகிறார். தாய் பேசினால் கேட்கிறார். தம்பி தங்கைகள் பள்ளிக்குப் போகிறார்களா, தகப்பன் குடிக்கத் தொடங்கிவிட்டானா என்று விசாரிக்கிறார். குழந்தையின் பெயரைச் சொல்லியே அதைப் பற்றிப் பேசுகிறார். சாஸ்திரம் விட்டுவைத்த இடத்தில் அரசாங்கச் செவிலியர் ஒருவர் வந்து பாயில் உட்காருவதை நம் ஊரார் இன்னும் விநோதமாகத்தான் பார்க்கிறார்கள்.